கொழுந்து நிறுவைச் செயலிக்கு எது பொருந்தும்: ஸ்ப்ரெட்டா, இம்மரா, இம்யூட்டபிள்.ஜேஎஸ்ஸா?

தராசடியிலேயே தேயிலைக் கொழுந்து நிறுவையைக் கைத்தொலைபேசியில் பதியும் செயலி ஒன்றை, திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட்டில் எழுதுவதாக வைத்துப் பார்ப்போம். 300 பேர் கொழுந்தெடுக்கும் தோட்ட டிவிஷன். ஆளுக்குக் காலை, பகல், மாலை என்று 3 நிறுவை, ஒவ்வொன்றிலும் கிலோவும் கழிவும் (சாக்கு எடை போன்றவற்றுக்காகக் குறைப்பது). இலங்கையின் பொகவந்தலாவைப் பக்கத்து மலை மடிப்பில் சிக்னல் வரும், போகும்.

தலைப்பில் சொன்ன மூன்றும் மாறாத்தரவுக்கான வழிகள்: இருக்கும் தரவைத் திருத்தாமல், மாற்றத்தோடு புதுப் படி எடுப்பது. அது ஏன் வேண்டும் என்பது ஒரு பிழையைப் பார்த்தாலே விளங்கும். பகல் நிறுவை 18 கிலோ பதிந்தாயிற்று. சாக்கு எடையைக் கழிக்க, இருந்த ஒப்ஜெக்ட்டிலேயே (தரவுப் பொதி) ‘நிறுவை.கிலோ = 17’ என்று எழுதி, அதே பட்டியலைத் திரும்பவும் ஸ்டேட்டில் (திரை காட்டும் தரவை ரியாக்ட் வைத்திருக்கும் இடம்) போடுகிறோம். ரியாக்ட் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்காது. பழையதும் புதியதும் ஒரே ஒப்ஜெக்ட்டா என்றுதான் பார்க்கும். ஒன்றேதான் என்பதால் திரையை மீண்டும் வரையாது. 18 அப்படியே நிற்கும். அடுத்த ஆளுக்குப் பதியும்போது திரை புதுப்பிக்கப்பட, சட்டென்று 17 ஆகிவிடும். கொழுந்தெடுத்தவர் தன் கண்ணெதிரே ஒரு கிலோ காணாமல் போவதைப் பார்ப்பார். கழிவு என்றாலே மனக்கசப்பு இருக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை எதைச் சொல்லி நம்பவைப்பார்?

ஸ்ப்ரெட் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருப்பது, அதற்கு நூலகம் எதுவும் வேண்டாம். மூன்று புள்ளி வைத்துப் படியெடுத்து, மாறும் இடத்தை மட்டும் புதிதாக எழுதினால் போதும். ஆனால் மேலே சொன்ன கிலோவை மாற்ற ஸ்டேட், ஆட்கள், அந்த ஆள், அவர் நிறுவைப் பட்டியல், அந்த நிறுவை என 5 மட்டத்தில் படியெடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பழைய பிழை திரும்பி வரும். 300 பேர் பட்டியலைப் படியெடுப்பது பழைய போனுக்குக்கூடப் பாரமில்லை. வேகத்தை நினைத்து இதை ஒதுக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது, பட்டியலை வரிசைப்படுத்தும் ‘சோர்ட்’. அது மூலப் பட்டியலையே கலைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் 2023 தரத்தில் வந்த ‘டூசோர்ட்டட்’ புதுப் பட்டியல் தரும், ஆனால் பழைய பிரவுசர்களில் இருக்காது. படியெடுத்துவிட்டு ‘சோர்ட்’ செய்வதே பத்திரம்.

இம்யூட்டபிள்.ஜேஎஸ் 2014இல் ஃபேஸ்புக்கிலிருந்து வந்தது. அதன் லிஸ்ட், 32 கிளைகள் கொண்ட மரம். ஓர் உறுப்பு மாறினால் வேரிலிருந்து அந்த இலை வரையுள்ள பாதை மட்டும் புதிதாகும், மற்றவை பகிரப்படும். பல்லாயிரம் பதிவுகள் ஓயாமல் மாறும் இடத்தில் இது கைகொடுக்கும். 300 பேருக்கு அந்தப் பலன் தெரியவே தெரியாது, தொல்லை மட்டும் தெரியும். ஆள் இலக்கத்தைச் சாவியாக வைத்த ஒப்ஜெக்ட்டை இந்த நூலகத்தின் மேப்பாக மாற்றினால் சாவிகள் எழுத்துச்சரமாக வரும். 112 என்ற எண்ணைக் கொண்டு ‘கெட்’ கேட்டால் ‘அன்டிஃபைண்ட்’தான் கிடைக்கும், ஆள் இல்லாதது போல. இதைச் சகிக்க முடியாமல் திரைப்பகுதிக்குள், சாதாரண ஒப்ஜெக்ட்டாக மாற்றும் ‘டூஜேஎஸ்’ போட்டால் ஒவ்வொரு முறையும் புது ஒப்ஜெக்ட் பிறக்கும், எல்லா வரிசையும் வீணாக மீண்டும் வரையப்படும்.

இந்த வேலைக்கு இம்மர்தான் சரி. அது மாற்றங்களை எழுத ‘வரைவு’ ஒன்றைத் தரும். அதில் சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் ‘வரைவு.ஆட்கள்[112].நிறுவைகள்[1].கிலோ = 17’ என்று ஒரு வரி எழுதினால், அந்த 5 மட்டத்தையும் அதுவே படியெடுக்கும், தொடாததைப் பகிரும். முடிவை மாற்ற முடியாதபடி உறையவைத்தும் தரும். வெளியே யாராவது நேரடியாக மாற்றப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ட்ரிக்ட் முறையில் உடனே பிழை விழும். ஸ்டேட்டைக் கையாளும் ரெடக்ஸ் டூல்கிட் என்ற நூலகத்தைப் பயன்படுத்துவோருக்கு இது உள்ளேயே இருக்கிறது. சறுக்கும் இடங்கள் இரண்டு. ‘வரைவு = புதியது’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. சேர்வர் பதிலுக்குக் காத்திருந்து பிறகு வரைவைத் தொட்டால், அது அதற்குள் செல்லாததாகியிருக்கும்.

இம்மரைத் தேர்வதற்குப் பெரிய காரணம் பேட்ச், அதாவது மாற்றக் குறிப்பு. அதை முதலில் இயக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘இந்தப் பாதையில் 17’ என்ற குறிப்பும், ‘திருப்பினால் 18’ என்ற எதிர்க்குறிப்பும் கிடைக்கும். முழுப் பதிவேட்டையும் அனுப்பாமல் இந்தச் சிறு குறிப்புகளை மட்டும் வரிசைப்படுத்தி, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். ஆட்களைப் பட்டியலாக வைக்காதீர்கள்: பாதையில் வரிசை எண் பதியும், இடையில் பட்டியல் மாறினால் ஒருவர் கிலோ இன்னொருவர் பெயரில் விழும். ஆள் இலக்கமே சாவியாக இருக்கட்டும். ஆனால் எண் சாவிகளை ஜாவாஸ்கிரிப்ட் ஏறுவரிசையில்தான் தரும். தராசடியில் நின்ற வரிசை வேண்டுமானால் அதற்குத் தனிப் பட்டியல் வையுங்கள்.

இவை எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும். பக்கத்தைப் புதுப்பித்தாலோ பற்றரி இறங்கினாலோ போய்விடும். ஆகவே இரண்டு குறிப்பையும், மாற்றியவர் யார், எத்தனை மணிக்கு என்பதோடு சேர்த்து, திரையில் 17 தெரியும் முன்பே பிரவுசருக்குள் இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதிவிடுங்கள்.