கடிதத்தைக் காட்டாத மின்னஞ்சல் மென்பொருள்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழா அறிக்கைகளும் அச்சிட்டுத் தரும் சிறிய கடையில் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் நான் கவனித்து வருகிறேன். கடையில் நாங்கள் ஐந்து பேர். தமக்குத் தெரிந்த வணிகர் ஒருவர் மோசடிக்காரர்களிடம் பணத்தைப் பறிகொடுத்த செய்தியைக் கேட்டு அஞ்சிய எங்கள் முதலாளி, அதுவரை பயன்படுத்திய மின்னஞ்சல் சேவையை விட்டுவிட்டு, பாதுகாப்பையே தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மென்பொருள் ஒன்றுக்கு எங்களை மாற்றினார். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதே குணமுடைய மென்பொருள்கள் சந்தையில் பல உள்ளன என்பதால், வாங்கும் எண்ணத்தில் இருப்பவருக்குப் பெயரைவிட அது நடந்துகொள்ளும் விதமே பயன்படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாதத்தில், எங்களுக்குக் காகிதம் தரும் நிறுவனத்தின் பெயரில், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகவும் நிலுவைத் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பும்படியும் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவரின் முகவரியில் ஒரே ஓர் எழுத்து வேறுபட்டிருந்தது. மாதக் கடைசி அவசரத்தில் நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன். மென்பொருள் கவனித்து, கடிதத்தைத் தடுத்து நிறுத்தியது. அந்த ஒரு கடிதத்திலேயே ஓராண்டுச் சந்தாவுக்கும் மேலான பணம் மிஞ்சியது என்பதை மறுக்க முடியாது.

எங்கள் சிக்கல் சிவகாசியிலிருந்து தொடங்கியது. எண்ணிக்கை அதிகமுள்ள அழைப்பிதழ்களை நாங்கள் அங்கேதான் அச்சிடுகிறோம். பக்கங்களை வடிவமைப்பவர், வடிவமைப்புக் கோப்பையும் அதற்குரிய எழுத்துருக்களையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, கடவுச்சொல்லிட்டு அனுப்புவார். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். மணமகளின் தாத்தா பெயரில் ஒற்றெழுத்து மிகுமா மிகாதா என்று இரு வீட்டாரும் கடைசி நாள்வரை மாற்றிக்கொண்டிருப்பதால், திருத்தக்கூடிய கோப்பு எங்கள் கையில் இருந்தாக வேண்டும். அச்சுத் தொழிலில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால், தாத்தாவின் பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் திரையில் தெரியும்.

கடவுச்சொல்லிட்ட ஜிப் கோப்பின் உள்ளே பார்க்க முடியாது என்பதால் மென்பொருள் அதை முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. இதில் பாதி உண்மைதான் இருக்கிறது. சாதாரண ஜிப் கோப்பில் கடவுச்சொல் உள்ளடக்கத்தைத்தான் மறைக்கிறது. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் வெளியே தெரியும். இயங்குநிரல் ஏதேனும் உள்ளே இருக்கிறதா என்பதைப் பெயரின் ஈற்றைக் (.exe போன்றவை) கொண்டாவது ஊகிக்கலாம், பயனரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி முடிவெடுக்கவும் சொல்லலாம். இரண்டையும் இது செய்வதில்லை. சரி, கடவுச்சொல் இல்லாமல் அனுப்புங்கள் என்றோம். அப்போது எழுத்துருக் கோப்புகளையே ஆபத்தானவை என்று கருதி உருவிவிட்டு, மீதியை மட்டும் தந்தது.

எழுத்துருவில் என்ன ஆபத்து என்று நானும் முதலில் சிரித்தேன். பிறகு படித்தபோதுதான், 2011ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட டூக்கூ என்னும் தீநிரல், வேர்ட் ஆவணத்துக்குள் வைத்த எழுத்துரு வழியாகவே, விண்டோசில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்திக் கணினிகளுக்குள் நுழைந்தது என்று தெரிந்தது. ஆகவே தடுப்பதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வருத்தம், தடுத்ததை அது யாருக்கும் உடனுக்குடன் சொல்லாமல் இருப்பதுதான்.

தடுக்கப்பட்ட கடிதங்களின் பட்டியல் நாளுக்கு ஒரு முறை, காலை 9 மணிக்கு வருகிறது. நமக்குக் காலை 9 மணி என்றால் சிவகாசியில் 6.30. அங்கே வேலை தொடங்குவதற்கு முன்பே அன்றைய பட்டியல் நமக்கு வந்து முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பகல் முழுவதும் வரும் எதுவும் மறுநாள் காலையில்தான் நம் கண்ணில் படும். அனுப்பியவருக்கும் அறிவிப்பு எதுவும் போவதில்லை. முன்பின் அறியாத மோசடிக்காரனுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது சரியே; மூன்றாண்டுகளாகக் கடிதம் எழுதிவரும் ஒருவரையும் அதே தட்டில் வைப்பதை ஏற்க முடியவில்லை. தை மாதத்துத் திருமணம் ஒன்றுக்கு, அவர் அனுப்பிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க, நாங்கள் இன்னும் அனுப்பவில்லையே என்று கடுகடுத்துக்கொண்டிருக்க, ஒன்றரை நாள் இப்படியே போயிற்று. அழைப்பிதழ்களை விமானக் கூரியரில் வரவழைத்த செலவு எங்கள் தலையில் விழுந்தது.

இந்தக் கடுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' நச்சுநிரல், காதல் கடிதம் என்ற பெயரில் ஓர் இணைப்புக் கோப்பாக வந்தது. அதன் பெயர் எழுத்துக்கோப்பைப் போலத் தொடங்கி நிரல்கோப்பின் ஈற்றில் முடிந்தது. தெரிந்த கோப்பு ஈறுகளை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவந்ததால், திறந்தவர்களுக்கு அந்த ஈறு தெரியவில்லை. அதற்கடுத்த மாதமே மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கிற்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்தது. இயங்கக்கூடிய இணைப்புகளைப் பயனரே விரும்பினாலும் திறக்க முடியாதபடி அது அடைத்தது. பின்னர் அவுட்லுக் எக்ஸ்பிரஸிலும் ஆபத்தாகலாம் என்று கருதப்படும் இணைப்புகளைத் தடுக்க, குறியிடும் பெட்டி ஒன்று அமைப்புகளில் வந்தது. பயனர் அந்தக் குறியை எடுத்தால் எல்லாம் திறக்கும், இட்டால் எல்லாம் மூடும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளில் விலக்கு அளிக்கும் முறை ஏறத்தாழ அதே நிலையில் இருக்கிறது. நிர்வாகி கணக்கிலிருந்து ஒரு கோப்பு வகையை ஐவருக்கும், எவரிடமிருந்து வந்தாலும், அனுமதிக்கலாம். அல்லது எவருக்கும் அனுமதிக்காமல் இருக்கலாம். சிவகாசிக்காரர் அனுப்பும் எழுத்துருவை எனக்கு மட்டும் அனுமதி என்று சொல்ல வழியில்லை.

சுட்டிகளின் (லிங்க்) கதை வேறு. கடிதத்தில் வரும் ஒவ்வோர் இணைய முகவரியையும் தன் சொந்த முகவரியாக மாற்றி எழுதிவிட்டு, நாம் சொடுக்கும்போது அது முதலில் சென்று பார்த்துவிட்டு நம்மை அனுப்புகிறது. சொடுக்குமுன் முகவரியைப் படித்துப் பாருங்கள் என்று எத்தனையோ விழிப்புணர்வு அறிவிப்புகள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. இங்கே படிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, எல்லாச் சுட்டிகளும் ஒரே நீண்ட குப்பைச் சரமாகத் தெரிகின்றன. இதைவிட மோசமானது, கடிதம் வந்தவுடனேயே சோதனைக்காக அது சுட்டிகளைத் திறந்து பார்ப்பது. ஒரு முறை மட்டுமே செல்லுபடியாகும் சுட்டி என்றால், நாம் பார்ப்பதற்கு முன்பே அது செலவாகிவிடுகிறது. எங்கள் விநியோகத் தளம் ஒன்றில் கடவுச்சொல்லை மாற்ற முயன்ற நான், 'இந்தச் சுட்டி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்ற பதிலை நான்கு முறை வாங்கிய பிறகுதான், பயன்படுத்தியது யார் என்று புரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் சிங்கப்பூரின் வங்கிகள் எடுத்த வழியை நினைக்கிறேன். 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் பரவிய பொய்க் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) இழந்தார்கள். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், தனிநபர் வாடிக்கையாளர்களுக்குச் செல்லும் மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் சொடுக்கக்கூடிய சுட்டிகளே இருக்கக் கூடாது என்று அறிவித்தன. அதுவும் கடுமையான விதிதான், வசதிக்குறைவும்தான். ஆனால் என் தாயாருக்குக்கூட அது ஒரே வாக்கியத்தில் புரிந்தது: வங்கியிடமிருந்து சுட்டி வந்தால் அது வங்கி இல்லை. எங்கள் மென்பொருளின் விதிகளை இப்படி ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் அதை விற்றவராலேயே முடியாது.

தமிழ் எழுத்துகளை அது நடத்தும் விதத்தையும் சொல்ல வேண்டும். அனுப்புநர் பெயர் தமிழிலும் முகவரி ஆங்கிலத்திலும் இருந்தால், மாறுபட்ட எழுத்துகள் கலந்திருப்பதாக மஞ்சள் பட்டை ஒன்றை மேலே ஒட்டுகிறது. ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்தை ஆங்கில எழுத்தாகக் காட்டி ஏமாற்றும் வழக்கம் இருப்பதால் எழுந்த எச்சரிக்கை இது. நம் தமிழ் எண் சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தின் சாயலில் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏமாற்று முகவரிக்குள் நடப்பது, பெயரில் அல்ல. தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக இருக்கும் ஊரில், தமிழில் பெயர் எழுதிய கோயில் செயலாளர்கள் அனைவரும் எங்கள் கடையில் ஐயத்துக்குரியவர்களாகிவிட்டார்கள். நாளுக்கு நாற்பது மஞ்சள் பட்டைகளைப் பார்க்கும் கண், நாற்பத்தோராவது பட்டை உண்மையாக இருந்தாலும் தாண்டித்தான் போகும்.

கடிதங்களில் வரும் படங்களைத் தானாகத் திறக்காமல் இருப்பதில் எனக்குக் குறையில்லை. நாம் கடிதத்தைத் திறந்தோமா என்று உளவு பார்க்கும் ஒற்றைப் புள்ளிப் படங்கள் உண்டு. ஒரு சொடுக்கில் படத்தை வரவழைக்கவும் முடிகிறது. மற்றவற்றுக்கும் இந்த அளவு நாகரிகம் போதும்.

இவற்றின் விளைவை முதலாளி ஏழாம் மாதத்தில்தான் கண்டுபிடித்தார். கடையில் இருந்த ஐவரும், அவரையும் சேர்த்துத்தான், கோப்புகளைச் சொந்தக் கைப்பேசியின் வாட்ஸ்அப் வழியாகவும் சொந்த மின்னஞ்சல் வழியாகவும் வாங்கி, கடைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அந்தக் கைப்பேசிகளில் கிடந்தன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றுக்குப் பொறுப்பு கடைதான். சந்தா கட்டி வாங்கிய காவலுக்குப் பக்கத்திலேயே, காவலில்லாத ஒரு வாசலை நாங்களே திறந்துவைத்திருந்தோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து இது: பெரும்பாலும் பிடிஎஃப்களும் உரைக் கடிதங்களும் மட்டுமே வந்துபோகும் கணக்காய்வு அலுவலகம் போன்ற இடங்களுக்கு இது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து பலவகைக் கோப்புகளை வாங்கும் கடைகள், சோதனைக் காலத்திலேயே தங்களுக்கு வழக்கமாக வரும் மிகச் சிக்கலான கோப்பை அனுப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். தடுப்புப் பட்டியலை மணிக்கு ஒரு முறை அனுப்ப முடியுமா, ஓர் அனுப்புநருக்கு மட்டும் விலக்கு அளிக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். நாங்கள் கேட்டோம். உதவிப் பிரிவு இரண்டு நாள் கழித்து, கையேட்டின் ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டி அனுப்பியது.

சந்தா முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை சிவகாசிக்காரர் ஒவ்வொரு கோப்பை அனுப்பியதும் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார். "மெயில் போட்டாச்சு சார், ஜெயில்ல இருக்கான்னு பாருங்க" என்கிறார். நானும் நிர்வாகி கணக்கில் நுழைந்து, அன்றைய கைதிகளைப் பார்வையிடத் தொடங்குகிறேன்.