ஒரு ஆணி, ஐந்து பஞ்சர்: சோப்புத் துணியைக் கவனியுங்கள்

ட்யூப்லெஸ் டயர் போட்ட பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். ஒரே ஒரு ஆணி குத்திய என் பின் டயரில் ஐந்து பஞ்சர் போட்டு, ஐந்துக்கும் காசு வாங்கிக்கொண்டார் ஒரு பஞ்சர் கடைக்காரர். காசு போனதுகூடப் பெரிதில்லை. பாதிக்கு மேல் ஆயுள் மிச்சமிருந்த டயரையே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியின் பின்பக்கம் லேசாக அலைய ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, முன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து ஓரங்கட்டினேன். (காற்று இறங்கிய சக்கரத்தில் பிரேக்கை அழுத்தினால் டயர் ரிம்மை விட்டு நழுவப் பார்க்கும். நன்றாக இருக்கிற சக்கரத்தின் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.) சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் டயரின் நடுவில் ஓர் ஆணித் தலை தெரிந்தது. பிடுங்கவில்லை. ட்யூப்லெஸ்ஸில் குத்திய ஆணியே ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கும், அதைப் பிடுங்கினால்தான் காற்று புஸ்ஸென்று போகும். வண்டியில் இருந்த சின்ன பம்ப்பால் காற்று அடித்தேன், நின்றது. பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனபோதும் வண்டி அலையவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் ஆணியைக் காட்டினேன். குறடால் பிடுங்கினார், சொரசொரப்பான கம்பியை விட்டுத் துளையைச் சுரண்டினார், துளையை அடைக்கும் பசை தடவிய ரப்பர் ஸ்ட்ரிப்பைச் செருகி மிச்சத்தை வெட்டினார். குறை சொல்ல முடியாத வேலை. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அது.

"வேற எங்கயாவது லீக் இருக்கான்னு பார்த்துடுறேன் சார். ஹேண்டில நேரா பிடிச்சுக்குங்க" என்றார். சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிக்கு ஹேண்டிலை எதற்குப் பிடிக்க வேண்டும்? முன்னால் நிற்கிறவருக்குப் பின் சக்கரம் தெரியாது, அதற்குத்தான். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் டயரைத் துடைத்தபடி சக்கரத்தைச் சுற்றினார். கொஞ்ச நேரத்தில் "இங்க ஒண்ணு இருக்கு சார்." எட்டிப் பார்த்தால் நிஜமாகவே நுரை கொப்பளிக்கிறது. ஒட்டினார். மறுபடி துணி, மறுபடி சுற்று, "இன்னொண்ணு." இப்படியே நான்கு. கண்ணெதிரே நுரை வரும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் துணிக்குள் ஒரு குத்தூசி இருந்தால் நுரை வராமல் என்ன செய்யும்!

கடைசி ஸ்ட்ரிப்பைச் செருகும்போதே அடுத்த கதையைத் தொடங்கிவிட்டார். "டயர் வீக் ஆயிடுச்சு சார், இனி தாங்காது. புதுசு இருக்கு, மாத்திடலாமா?" எடுத்து வந்த டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். அவர் 'புதுசு' என்று நீட்டியது பல வருடமாகக் கிடந்த பழைய சரக்கு. வேண்டாம் என்று சொல்லி, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விஷயம் உடைந்தது வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கிடம். டயரைப் பார்த்ததும் அவர் விரல் வைத்தது ஓரத்தில் இருந்த ஒரு ஸ்ட்ரிப்பில்தான். புது டயரில் மயிர்போல ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில் அவை தேயாமல் அப்படியே நின்றன. அதாவது அந்த இடம் ரோட்டையே தொட்டதில்லை. ரோட்டைத் தொடாத இடத்தில் எந்த ஆணி வந்து குத்தியது? அப்புறம் அவர் கேட்ட இன்னொரு கேள்வி: அஞ்சு ஓட்டையோட இந்த டயர் எப்படிண்ணே கடை வரைக்கும் காத்து நின்னுச்சு? ஆணி ஒன்றுதான் நான் கண்டது, மற்ற நான்கிலிருந்து ஒரு கம்பித் துண்டோ கண்ணாடிச் சில்லோ வெளியே வரவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், திரும்பப் போய்ச் சண்டை போடவும் கையில் எதுவும் இல்லை. சுரண்டுகிற கம்பி ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஆணி போட்ட துளையும் குத்தூசி போட்ட துளையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தடயத்தை அழிப்பதும் பழுது பார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். முதலில் காற்றை முழுதாக அடிக்கச் சொல்லுங்கள். ஆணி டயரிலேயே இருக்கட்டும். சோப்புத் தண்ணீரைத் துணியால் தேய்க்காமல் மேலிருந்து ஊற்றச் சொல்லுங்கள், அல்லது வாங்கி நீங்களே ஊற்றுங்கள். ஒரு முழுச் சுற்று சுற்றி, நுரை வருகிற இடங்களைச் சாக்பீஸால் குறித்து, போனில் படம் எடுத்த பிறகுதான் குறடும் கம்பியும் கிட்டே வர வேண்டும். எத்தனை பஞ்சர், மொத்தம் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வால்விலும் இரண்டு சொட்டு விடுங்கள். சில நேரம் டயரில் ஒன்றுமே இருக்காது, வால்வு பின் தளர்ந்திருக்கும். இதற்கெல்லாம் முகம் சுளிக்காத கடைக்காரர்கள் நிறையவே இருக்கிறார்கள். என் மெக்கானிக் இதைத் தானாகவே செய்கிறவர்.

டயர் ஏன் போனது என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரிப் போடலாம் என்பது ரோட்டில் ஓடும் நடுப்பகுதிக்கு மட்டும்தான், அதுவும் துளை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால். ஓரமும் பக்கவாட்டும் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்கிற இடங்கள், அங்கே செருகியது நிலைக்காது. எனக்கு ஒன்று ஓரத்தில், இன்னும் இரண்டு ஒன்றையொன்று ஒட்டினாற்போல. உள்ளே இருக்கும் நூல் அடுக்கு எவ்வளவு அறுந்திருக்கிறதோ தெரியாமல் வேகமாக ஓட்ட மனம் வரவில்லை, மாற்றிவிட்டேன்.

ட்யூப் டயர்க்காரர்களுக்கு வேறு வழியில் ஆப்பு வைக்கிறார்கள். ஆணி குத்திய சின்ன ஓட்டைதான் இருக்கும், "ட்யூப் கிழிஞ்சிருச்சு, மாத்தணும்" என்பார்கள். கழற்றிய ட்யூபை வால்வு பழைய இடத்துக்கே வருகிற மாதிரி டயர்மேல் வைத்துப் பாருங்கள். ட்யூபின் ஓட்டையும் டயரில் ஆணி இருந்த இடமும் நேராக வர வேண்டும். சம்பந்தமில்லாத இடத்தில், ரிம் ஓரமாக ஒரு கீறல் இருந்தால் அது லீவர் போட்டுக் கழற்றும்போது விழுந்ததாக இருக்கலாம். ஆனால் காற்றில்லாமல் ரொம்ப தூரம் ஓட்டியிருந்தால் ட்யூப் உண்மையிலேயே கந்தலாகியிருக்கும், வால்வு அடியோடு பிய்ந்திருக்கும். அப்போது அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். புது ட்யூப் போட்டாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது அடுத்த வண்டிக்குப் புதுசாகப் போகாமல் இருக்கும்.