டர்பனில் வண்டி ட்ரேட்-இன் போடுகிறவர்களுக்கு: என் 62,000 ரேண்ட் போன கதை

கோபம் அடங்குவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன், அடங்கிவிட்டால் மரியாதையாக எழுதித் தொலைப்பேன். ட்ரேட்-இன் (பழைய வண்டியைக் கடையில் கொடுத்து, அதன் விலையை வாங்குகிற வண்டியின் விலையில் கழித்துக்கொள்வது) போட்டதில் 62,000 ரேண்ட் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் அது சும்மா கிடைக்கிற காசு இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடாதே என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. டர்பனுக்கு வடக்கே, பழைய வண்டி வாங்கி விற்கிற பெரிய கண்ணாடி ஷோரூம். போனிலேயே படம் அனுப்பினால் உடனே விலை சொல்கிறோம் என்று விளம்பரம் செய்கிற வகை. இது போதும்.

என்னிடம் இருந்தது 2019 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஏழாம் தலைமுறையை மெருகேற்றி வந்த மாடல், செவன் பாயின்ட் ஃபைவ் என்கிறோமே அது, 169 கிலோவாட், டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர். ஒரே கை ஓட்டிய வண்டி, சர்வீஸ் முழுக்கக் கம்பெனியில். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஜிடிஐக்கு என்ன மவுசு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் வேக வண்டிகளுக்கு ஒரு சாபம் உண்டு: இன்ஷூரன்ஸ் அதிகம், டயர் விலை அதிகம், திருடனுக்கும் பிடிக்கும், அதோடு முன்னால் வைத்திருந்தவன் டியூன் பண்ணி (எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி வேகம் கூட்டி) விரட்டியிருப்பானோ என்று வாங்குகிற ஒவ்வொருவனுக்கும் சந்தேகம். புது மாடல் வந்தால் இன்னும் இறங்கும். 2021-இல் 180 கிலோவாட் எய்ட் (அடுத்த தலைமுறை ஜிடிஐ) வந்தபோதே விற்றிருக்கலாம் என்று மனைவி சொல்வாள், அது வேறு வழக்கு. பக்கி வண்டிக்கு (பின்னால் சரக்கு ஏற்றுகிற பிக்அப்) இந்தத் தொல்லை குறைவு. டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம டர்பன் ப்ராஸ்பெக்டனில் செய்கிற வண்டி, விவசாயிக்கும் வேண்டும், கட்டட வேலைக்காரனுக்கும் வேண்டும், அதனால் விலை சட்டென்று விழாது. கிளேர்வுட் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றுகிற தொழிலை அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதால் எனக்கும் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பக்கி) ஒன்று தேவைப்பட்டது.

ஷோரூமில் என்னைப் பார்த்துக்கொண்ட பையன் நம்ம ஆள். வணக்கம் அண்ணா என்று ஆரம்பித்தான். கையில் சிவப்புக் கயிறு. பேச்சோடு பேச்சாக, ஈஸ்டர் சமயம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் அவன் அம்மா வருஷா வருஷம் பொங்கல் வைப்பதைச் சொன்னான். எங்கள் பெரியம்மாவும் அங்கேதான் வைப்பார். அதற்கு மேல் என்ன வேண்டும்? காபி வந்தது, என் வண்டியைச் சுற்றிப் பார்த்தான், சுத்தமா வச்சிருக்கீங்க அண்ணா என்றான், தாளில் எழுதியே கொடுத்தான்: ட்ரேட்-இன் 310,000 ரேண்ட். வங்கிக்கு நான் கட்ட வேண்டிய மீதி 205,000. ஆக 105,000 என் கையில் உள்ள காசு மாதிரி, அது ஹைலக்ஸுக்கு டெபாசிட். ஹைலக்ஸ் விலை 465,000, கடன் 360,000. கணக்கு சரியாக இருந்தது. தாளின் அடியில் 'மதிப்பீட்டாளர் பார்வைக்கு உட்பட்டது' என்று ஒரு வரி. இது என்ன தம்பி என்று கேட்டேன். அது சும்மா ஃபார்மாலிட்டி அண்ணா, எல்லாத் தாளிலும் இருக்கும் என்று சிரித்தான். மதிப்பீட்டாளர் பார்ப்பதற்கு வண்டியையும் ஸ்பேர் சாவியையும் விட்டுப்போகச் சொல்லி, ஓட்டிக்கொள்ள ஒரு போலோ விவோவும் கொடுத்தார்கள். அந்த விவோவுக்காக அன்று அவர்களைப் பாராட்டியிருக்கிறேன்!

ஹைலக்ஸ் எடுக்கப் போன அன்று இன்னொரு அறை, இன்னொரு ஆள், இன்னொரு தாள். அதில் ட்ரேட்-இன் 248,000. டெபாசிட் 43,000, கடன் 422,000. என்ன இது என்றால், வண்டியில் சாஃப்ட்வேர் டியூன் பண்ணியிருக்கிறதாம், முன் பம்பர் மறுபடி பெயின்ட் அடித்ததாம். என் வண்டியில் ரேடியோ ஸ்டேஷனைத் தவிர எதையும் மாற்றியதில்லை. அப்படியானால் என் கோல்ஃபைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது பைன்டவுன் கிளைக்குப் போய்விட்டதாம், பேப்பர் நகர்ந்துவிட்டதாம், இன்று கையெழுத்துப் போடாவிட்டால் ஹைலக்ஸும் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். விவோவின் சாவியை ஏற்கெனவே வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை மார்க்கெட்டில் சரக்கு காத்திருக்கிறது. கழுத்தைப் பிடித்து வாங்கிய கையெழுத்து அது. கோயில் பேச்சுப் பேசிய பையன் அந்த நேரம் பார்த்து லஞ்சுக்குப் போயிருந்தான்.

அப்புறம்தான் உண்மை ஒவ்வொன்றாக வந்தது. வங்கியிடம் என் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் முதலிலிருந்தே 422,000! மதிப்பீட்டாளர் என் வண்டியைத் தொடுவதற்கு முந்தைய தேதி. என்னிடம் 310,000 என்று எழுதிக் கொடுத்த அதே நாளில் வங்கிக்கு 248,000 கணக்கில் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தது டியூன் கதை. கம்பெனி சாஃப்ட்வேரில் கை வைத்திருந்தால் ஃபோக்ஸ்வேகன் கம்ப்யூட்டரில் டிடி1 என்று குறி விழும். நான் சர்வீஸ் விட்ட இடத்தில் பார்க்கச் சொன்னேன், அப்படி ஒரு குறியும் இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். இதெல்லாம் போகட்டும் என்றால், என் கோல்ஃப் விற்பனைக்கு விளம்பரத்தில் வருகிறது, பின் கதவில் என் மகள் சைக்கிளால் போட்ட கோடு உட்பட. விலை 379,900. கூடவே 'ஒரே உரிமையாளர், மாற்றம் எதுவும் செய்யப்படாதது'. எனக்கு டியூன் பண்ணிய வண்டி, வாங்குகிறவனுக்கு மாற்றம் செய்யாத வண்டி!

இதை எல்லாம் எடுத்துக்கொண்டு கேட்டால் பதில்? மேனேஜர் மீட்டிங்கில். மேனேஜர் ஜோபர்க்கில். சிஸ்டம் டவுன். நீங்கள்தானே சார் கையெழுத்துப் போட்டீர்கள். (அண்ணா போய் சார் ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.) வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் அழகாக விழும். இதற்கு நடுவில் பழைய கடனை அவர்கள் வங்கிக்குத் தாமதமாகக் கட்டியதால், அந்த மாதம் என் கணக்கிலிருந்து கோல்ஃப் தவணையும் போனது, ஹைலக்ஸ் தவணையும் போனது. கோல்ஃப் தவணை பிறகு திரும்பி வந்தது, 62,000 வரவில்லை. சும்மா 62,000 கூட இல்லை, 72 மாதக் கடனில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வட்டியும் நானே கட்டுகிறேன்.

ஐந்து நாளில் ரத்து செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். நுகர்வோர் சட்டத்தில் அந்த ஐந்து வேலை நாள், கடைக்காரன் தானாக உங்களைத் தேடி வந்து விற்றால்தான். நாமாகக் கடைக்குப் போனால் கிடையாது. வாகனத் துறை ஆம்பட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கிற நடுவர்) போகலாம், ஆனால் முதலில் கடைக்கே எழுத்தில் புகார் கொடுத்து பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டுத்தான் இப்போது அங்கே போயிருக்கிறேன்.

விரிவாக யோசனை எழுதலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை, அவசரமாகச் சொல்கிறேன். கடைசித் தாளில் கையெழுத்துப் போடும்வரை உங்கள் வண்டியும் ஸ்பேர் சாவியும் உங்களிடமே இருக்கட்டும், பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கண் முன்னால் பார்க்கட்டும். வங்கிக்கு அனுப்புகிற விண்ணப்பத்தின் நகலை அன்றே கேளுங்கள். புத்தக விலையில் (பழைய வண்டிகளுக்கான விலைப் பட்டியல்) கடைக்காரன் வாங்குகிற ட்ரேட் விலை வேறு, அவன் விற்கிற ரீட்டெயில் விலை வேறு, எதைச் சொல்கிறான் என்று கேளுங்கள். ட்ரேட்-இன் விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், அதைத் தூக்கிக் காட்டிவிட்டு வாங்குகிற வண்டியின் விலையில் ஏற்றிவிடுவான், கையை விட்டு எவ்வளவு போகிறது என்பதுதான் கணக்கு. பலூன் (கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற பெரிய தொகை) போட்டு ஃபோர்ட் ராப்டர் மாதிரி பெரிய வண்டி எடுத்தவர்கள் முதலில் செட்டில்மென்ட் தொகையை, அதாவது கடனை இன்றே முடிக்க எவ்வளவு என்பதை, வங்கியிடம் வாங்கிப் பாருங்கள், முதல் சில வருஷத்தில் கடன் குறைவதைவிட வண்டி விலை வேகமாக இறங்கும். உரிமை மாற்ற நோட்டீஸையும் நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவன் வேகமாக ஓட்டிய அபராதம் உங்கள் வீட்டுக்கு வரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ். நல்லெண்ண அடிப்படையில் 2,500 ரேண்டுக்குப் பெட்ரோல் வவுச்சர் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். ஹைலக்ஸ் டீசல் வண்டி. முடியாது என்று பதில் போட்டாச்சு.