தேடலுக்கு நூலகரைச் சேர்த்துக்கொண்ட எங்கள் அனுபவம்

சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது ஒரு கேள்விக்கு வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் ஆய்வு, செய்யப்போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் சொல்வது, தலைப்பு முடிவான அன்றே நூலகரைப் போய்ப் பாருங்கள் என்பதுதான். பேராதனையிலிருந்து மலையகத் தோட்டங்களின் சுகாதாரத்தை ஆராயும் எங்கள் குழு, சில வருடங்களாக மருத்துவ நூலகர் ஒருவரோடு சேர்ந்தே தேடுகிறது.

முதல் தலைப்பு, தேயிலைத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கு வரும் குருதிச்சோகை (அனீமியா). கூகுள் ஸ்கொலரில் தட்டினாலே வருமே, இதற்கு எதற்கு இன்னொருவர் என்று குழுவில் சிலர் கேட்டார்கள். நூலகர் மேடமோ கணினியைத் திறக்கவே இல்லை. “தம்பி, கட்டுரை எழுதுபவர்கள் இந்த மக்களை என்னென்ன பெயரில் எழுதுகிறார்கள்? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். உட்கார்ந்து எழுதினோம். ஒருவர் தோட்டத் துறை என்கிறார், இன்னொருவர் பெருந்தோட்டத் தொழிலாளர் என்கிறார். குடிசன மதிப்பீட்டைப் பின்பற்றுபவர்கள் இந்தியத் தமிழர் என்கிறார்கள், அண்மைக்காலத்தில் மலையகத் தமிழர் என்றும் வருகிறது. 1972க்கு முந்திய கட்டுரைகளில் நாடே சிலோன். நம் சனத்தைப் பற்றிய ஆய்வுகளே குறைவு. இருப்பதையும் தவறவிட்டுவிட்டு ‘ஆதாரம் இல்லை’ என்று நாமே எழுதினால் அதைவிட அநியாயம் இல்லை.

மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில், கட்டுரைகளுக்கு இடப்படும் நிலையான பொருள் தலைப்புகளான மெஷ் தலைப்புகளோடு, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் மேடம் சேர்த்தார். எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் ஏறியிருக்காது என்பதுதான் காரணம். அனீமியாவுக்குப் பிரித்தானிய, அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் போட வேண்டும். அப்புறம், எங்களுக்கு முன்பே தெரிந்த கட்டுரைகள் வருகின்றனவா என்று சோதித்தார். ஒன்று வரவில்லை. எடுத்துப் பார்த்தால், தலைப்பிலும் சுருக்கத்திலும் இலங்கை என்ற சொல்லே இல்லை, பதுளை மட்டும்தான். உடனே நுவரெலியா, பதுளை, கண்டி என்று மாவட்டப் பெயர்களும் உள்ளே போயின. இந்தக் கண் எங்களுக்கு இல்லை.

தேடல் உத்தியை இன்னொரு நூலகர் தேடல் உத்திகளைச் சக நூலகர் சரிபார்ப்பதற்கான பிரெஸ் 2015 வழிகாட்டியை வைத்துச் சரிபார்த்தார். எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி, முழுத் தேடல் வரி என்று எல்லாம் தேடலை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும், 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் பட்டியலின் 16 விடயங்கள்படி பதிவாகிவிட்டது. சஞ்சிகையிலிருந்து கேள்வி வந்தபோது பதில் கையில் இருந்தது.

சிரமமும் உண்டு. இப்படி விரித்துத் தேடினால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்து விழும். இரட்டைப் பதிவுகளை நீக்கிய பிறகும் வாசிப்பது நம் வேலைதான், அதை நூலகர் தலையில் கட்ட முடியாது. பரீட்சைக் காலத்தில் மேடத்திடமிருந்து பதில் தாமதமாகும், அவருக்கு மற்ற வேலைகளும் இருக்கின்றன. இணையத்தில் ஏறாத பழைய ஆய்வேடுகளுக்கு நேரில்தான் போக வேண்டும்.

ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேடலை வடிவமைத்து அந்தப் பகுதியை எழுதியும் தருபவருக்கு நன்றியுரையில் ஒரு வரி போதாது, ஆசிரியர் வரிசையில் பெயர் வர வேண்டும். அடுத்த ரிவியூவுக்கான நெறிமுறையை, ரிவியூக்களை முன்கூட்டியே பதியும் புரொஸ்பெரோ பதிவேட்டில் பதிந்தபோது மேடத்தின் பெயரையும் குழுவில் சேர்த்தே பதிந்தோம். வெளியிடுவதற்கு முந்திய 12 மாதங்களுக்குள் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும் என்று, இத்தகைய ரிவியூக்களை வெளியிடும் கொக்ரேன் அமைப்பு சொல்கிறதே, அதற்கான திகதியையும் இப்போதே அவரிடம் கேட்டு வைத்துவிட்டோம்.