டிவிடி நகல் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய கல்யாண டிவிடியை நகல் எடுக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ. மூன்று மணி நேரம், டூயல் லேயர் (இரண்டு அடுக்கு, 8.5 ஜிபி வரை கொள்ளும்) டிஸ்க். குன்னூர் மழைக்கால ஈரத்தில் ஓரமாகப் பூசணப் புள்ளி தெரிய ஆரம்பித்தது. ஊட்டியில் ஒரு கடையில் நகல் கேட்டேன். கடைக்காரர் "அச்சு அசலா வரும்க்கா" என்று சொல்லி முன்பணமாகவே முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் போட்டால், அம்மாவின் புடவைக் கரை கட்டம் கட்டமாக உடைகிறது. ஆசீர்வாதம் ஆரம்பித்ததும் படம் நின்றுவிடுகிறது. பாட்டி அட்சதை போடும் காட்சி அதற்கப்புறம்தான் வரும். பாட்டி இப்போது எங்களுடன் இல்லை.

போய்க் கேட்டால், "ஒரிஜினல்லயே அவ்வளவுதான்க்கா" என்கிறார். ஒரிஜினலை அவர் கம்ப்யூட்டரிலேயே போடச் சொன்னேன், கடைசிவரை ஓடியது. அப்புறம், வீடியோவைச் சிங்கிள் லேயர் (ஒரே அடுக்கு) டிஸ்க்கில் அடக்குவதற்காக அவர் பயன்படுத்திய சுருக்கும் மென்பொருளைத் திறக்கச் சொன்னேன். டிஸ்க் அளவுக்கான கட்டத்தில் 4700 என்று இருந்தது.

கோளாறு அங்கேதான். டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பது 470 கோடி பைட். மென்பொருளோ 1024 x 1024 பைட்டை ஒரு எம்பி என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் சிங்கிள் லேயர் டிஸ்க்கில் கிட்டத்தட்ட 4480 எம்பிதான் கொள்ளும். 4700 என்று போட்டால் இருநூறு எம்பிக்கு மேல் டிஸ்க்கில் கொள்ளாமல் மிஞ்சும். ரைட் செய்யும்போது இடம் போதாது என்று வந்திருக்கிறது. அளவைத் திருத்தி மறுபடி சுருக்குவதற்குப் பதிலாக, வால் பகுதியை வெட்டிவிட்டார்கள். எங்கள் வீடியோவில் அது சுமார் எட்டு நிமிடம்.

படம் உடைந்ததற்குக் காரணம் வேறு. ஒலி பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவில் இருந்தது. 1536 கேபிபிஎஸ் (நொடிக்கு 1536 கிலோபிட்) வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒலி மட்டுமே 2 ஜிபி பிடிக்கும். மென்பொருள் ஒலியைத் தொடாமல் மொத்தச் சுருக்கத்தையும் படத்தின் தலையில் கட்டிவிட்டது. ஒலியை 192 கேபிபிஎஸ் ஏசி3 என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றியிருந்தால் கால் ஜிபியில் அடங்கியிருக்கும், படமும் பிழைத்திருக்கும். இதைவிடச் சுலபமான வழி, 8.5 ஜிபி வெற்று டிஸ்க்கில் சுருக்காமலே நகல் போடுவது. அப்படி ஒன்று இருப்பதையே அவர் சொல்லவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை.

கொடுக்கும்போதே "சுருக்குவீர்களா, எவ்வளவு?" என்று கேளுங்கள். வாங்கும்போது ஆரம்பத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கடைசிக் காட்சியை ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஒரிஜினலைக் கடையில் ராத்தங்க விடாதீர்கள். சின்ன விசேஷமானாலும் சரி, முதலில் பைல்களைச் சுருக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதை இப்போது அப்படித்தான் ஏற்றியிருக்கிறோம்.