சாவியை எடுத்த பிறகும் பாடிய ஸ்டீரியோ

மொத்தம் 39,500 ரூபாய். ஒரு பழைய ஸ்கார்பியோவில் பாட்டுக் கேட்கவும், சில்லறைக் கோளாறுகளைச் சரி செய்யவும் நான் செலவழித்த தொகை இது. இதில் ஒரு பெரும் பங்கு செய்யாத வேலைக்கும், செய்து கெடுத்த வேலைக்கும், கெடுத்ததைத் திருத்திய வேலைக்கும் போனது. பழைய வண்டியில் ஸ்டீரியோ மாற்ற நினைப்பவர்கள் ஒரு பத்து நிமிடம் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வண்டி 2011 மாடல், 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல். 2024 ஆகஸ்டில் அலுவலக நண்பரிடம் வாங்கினேன். இன்ஜின், கியர், கிளட்ச் எதிலும் குறை இல்லை. இருந்த குறைகள் எல்லாம் வீட்டில் திட்டு வாங்கித் தரும் ரகம். பின் இடது கதவின் கண்ணாடி முனகிக்கொண்டே ஏறும். ஒரு கதவு சென்ட்ரல் லாக்குக்குக் கட்டுப்படாது. கூரை விளக்கு எரியாது. டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டால் நிற்காது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பையை இறக்க வேண்டும். கம்பெனி ஸ்டீரியோவின் யுஎஸ்பி செத்துப் போயிருந்தது. சிடி மட்டும் பாடும். என்னிடம் சிடி கிடையாது.

என் மைத்துனர், "ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போங்கள் மாமா, நான் வழக்கமாகப் போகிற கடைக்காரரிடம் சொல்கிறேன்" என்றார். சென்னையில் கார் பாகக் கடைகள் நிறைந்த சாலை அது. அவ்வளவு தூரம் எதற்கு என்று, வீட்டுக்குப் பக்கத்தில் பைபாஸ் ஓரம் புதிதாகத் திறந்திருந்த கடைக்குப் போனேன். கண்ணாடிச் சுவர், குளிர்சாதன அறை, சோபா, கேட்காமலே வரும் எலுமிச்சைத் தேநீர். கடையின் பெயரைக் கேட்காதீர்கள். பணம் திரும்ப வாங்கியபோது பெயர் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கே ஒன்பது அங்குலத் திரை ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றைக் காட்டினார்கள். 8 ஜிபி ராம், 128 ஜிபி நினைவகம், ஆண்ட்ராய்டு 13, நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 60 வாட். அமைப்புகளில் போய்ப் பார்த்தேன், அப்படியே எழுதியிருந்தது. ஃபிரேம், ரிவர்ஸ் கேமரா சேர்த்து 16,500. இரண்டு ஜோடி ஸ்பீக்கர் 4,800. பொருத்துக் கூலி 1,500. "மற்ற சின்ன வேலைகளையும் நாங்களே முடித்துவிடுகிறோம் சார், எதற்கு நாலு இடம் அலைகிறீர்கள்?" என்றார் கடைக்காரர். கண்ணாடி மோட்டார் மாற்ற 2,400, லாக்கும் விளக்கும் 1,100, டிக்கிக் கதவைத் தாங்கி நிறுத்தும் டேம்பர் ஜோடி 1,600. கூட்டினால் 27,900. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கடையின் முத்திரைகூட இல்லாத அந்தச் சீட்டை ஏனோ பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

நான் சோபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். நான்கு மணி நேரம். வண்டி பின்பக்கம் ஷெட்டில் இருந்தது. "உள்ளே வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லை" என்று பலகை வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

சாவி கைக்கு வந்தபோது கண்ணாடி ஜம்மென்று ஏறியது. திரை பளபளத்தது. ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது: சாவியை உருவிய பிறகும் பாட்டு நிற்கவில்லை. கேட்டேன். "இது புது வசதி சார். இன்ஜினை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். இந்தப் பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும்." அழுத்தினேன், திரை கறுத்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தப் புது வசதியை நானே விளக்கினேன். இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

மறுநாளே சில சில்லறை விஷயங்கள் கண்ணில் பட்டன. ஸ்டீயரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. பண்பலை இரைந்தது. லைட்டர் துளையில் போன் சார்ஜ் ஏறவில்லை. "பழைய வண்டி சார், ஒன்றைத் தொட்டால் ஒன்று போகும்" என்றார் கடைக்காரர். அந்த வாக்கியத்தை எந்தக் கடையில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினோம். சனி, ஞாயிறு எடுக்கவில்லை. திங்கள் காலை சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடைக்காரரைக் கூப்பிட்டேன். பையன் ஒருவன் மீட்டரோடு வந்தான். பேட்டரி 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டியது. "செல் போய்விட்டது சார்." 7,400 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி. பழையதைத் தூக்கிக்கொண்டு போனான். பாவம், அந்தப் பழைய பேட்டரி ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதே வாரம் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் எல்லாரும் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த அக்டோபர் மழை. எங்கள் தெருவில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்குக்கூட வரவில்லை. ஆனால் மழை விட்ட பிறகு பின் இருக்கைக்குக் கீழே கால் வைத்தால் கார்ப்பெட் பிழிந்தெடுக்கும் அளவு ஈரம். ஒரு வாரம் வண்டிக்குள் நனைந்த கோணிச் சாக்கு வாடை. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் பழசாகியிருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு விழுப்புரம் பக்கம் மாமனார் ஊருக்குப் போனோம். புதன் இரவு நிறுத்திய வண்டி. ஞாயிறு காலை கிளம்பும்போது மறுபடி அதே 'டக்'. புது மாப்பிள்ளை வண்டியைத் தள்ளுவதை வேடிக்கை பார்க்க ஊரே வந்துவிட்டது. (கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமானாலும் அந்த ஊரில் நான் புது மாப்பிள்ளைதான்.) பழைய டீசல் ஜீப் என்றால் இரண்டாவது கியரில் தள்ளிவிட்டே கிளப்பிவிடலாம். இது காமன் ரெயில் இன்ஜின். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் அவற்றை ஆட்டுவிக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் மூச்சிரைப்புதான் மிச்சம். கடைசியில் டிராக்டர் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பினோம். சென்னை வரும்வரை இன்ஜினை அணைக்கவே இல்லை.

இந்த முறை மைத்துனர் சொன்னதைக் கேட்டேன். புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் அழைத்துப் போனார். அறுபது வயதிருக்கும். எல்லாருக்கும் 'பாய்'. சோபா கிடையாது, ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "பக்கத்திலேயே உட்காருங்கள் சார், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார்.

அவர் செய்த முதல் சோதனையை எழுதிவிடுகிறேன். வண்டியை அணைத்து, சாவியை எடுத்து, திறந்திருந்த கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்தார். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இடையில் அம்மீட்டரைக் கோத்தார். அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. எல்லாம் உறங்கிய பிறகு ஒரு நல்ல வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுக்கும். என் வண்டி 1.8 ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு 43 ஆம்பியர் மணி. எழுபது ஆம்பியர் மணிப் பேட்டரியை இரண்டு நாளைக்குள் காலி செய்துவிடும். "பேட்டரி மேல் பழி போடாதீர்கள் சார். ராத்திரியெல்லாம் உள்ளே யாரோ உட்கார்ந்து குடிக்கிறார்கள்" என்றார் பாய். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினார். ஸ்டீரியோ ஃபியூஸை உருவியதும் முள் இறங்கியது.

அந்த ஃபியூஸைக் கையில் கொடுத்தார். பச்சை நிறம், 30 ஆம்பியர். அந்த இடத்தில் இருக்க வேண்டியது நீலம், 15 ஆம்பியர். வயர் தாங்கும் அளவுக்கு மேல் ஃபியூஸ் போட்டால் ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் நிற்கும், வயர் உருகும். அந்த வயர் ஓடுவது பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவில். பூஜைக்கு வாசலில் நிறுத்திய வண்டியை நினைத்தேன். அதற்கு நேர் மேலே ஜன்னலோரம் அம்மா படுத்திருப்பார்.

பிறகு ஸ்டீரியோவைக் கழற்றினார். பின்னால் பார்த்தபோதுதான் அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று விளங்கியது. வண்டியோடு வந்த கப்ளரையே, அதாவது வயர்களை மொத்தமாகச் செருகும் இணைப்பையே, வெட்டி எறிந்திருந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை இதுதான்: 'கப்ளர் டு கப்ளர்'. வண்டியின் கப்ளரில் அப்படியே செருகிக்கொள்ளும் மாற்று வயரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். என் வண்டியில் பதினைந்து பதினாறு வயர்களை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை சென்னை வெயிலில் இளகிப் பாதி கழன்றிருந்தது.

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் இணைப்பு. நேரத்தையும் நினைவில் வைத்தவற்றையும் காக்க மிகக் குறைவாக இழுக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பு; ஸ்டீரியோ எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்று சொல்வது அதுதான். கறுப்பு எர்த். வெட்டும்போது எதையோ எதனோடோ உரசவிட்டு லைட்டர் துளைக்கும் சேர்த்து உள்ள ஃபியூஸை ஊதிவிட்டிருக்கிறார்கள். சிவப்புக்கு மின்சாரம் வரவில்லை. ஃபியூஸ் எது என்று தேடச் சோம்பல்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். புது வசதி என்று சொன்னது அதைத்தான். பொத்தானை அழுத்தினால் திரை மட்டும் கறுக்கும். உள்ளே எல்லாம் விழித்துக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங் பொத்தான்களின் வயர்களை எங்கும் இணைக்காமல் மடித்து விட்டிருந்தார்கள். ஆன்டெனா பிளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. பாய் விரலால் அழுத்தியதும் பண்பலை தெளிந்தது.

அடுத்து பின் இடது கதவு. கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றியதும் பாய் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். 2,400 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன மோட்டார் மேல் பதின்மூன்று வருடத் தூசி அப்படியே படிந்திருந்தது. அதன் திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. கண்ணாடி ஓடும் தடத்தில் மட்டும் வெள்ளைக் கிரீஸ். அந்தக் கிரீஸ்தான் ஜம்மென்று ஏற்றியிருக்கிறது, இரண்டு மாதம்.

கார்ப்பெட் நனைந்த காரணமும் அங்கேயே இருந்தது. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அது உள்பக்கம் வராமல் தடுக்க டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டியவர்கள் நான்கு கதவிலும் அதைக் கிழித்து, கிழிந்த தாளைக் கதவுக்குள்ளேயே சுருட்டித் திணித்திருந்தார்கள். கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன. ஸ்பீக்கர் யாரும் மாட்டலாம். அந்தத் தாளைத் திரும்ப ஒட்டுகிறானா என்று பாருங்கள்.

ஸ்டீரியோவின் வண்டவாளத்தை அக்கா மகன் வெளிப்படுத்தினான். "மாமா, அமைப்புகளில் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்" என்று, வன்பொருளைப் படித்துச் சொல்லும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தான். 8 ஜிபி ராம் 2 ஜிபி ஆனது. ஆண்ட்ராய்டு 13 என்பது 10 ஆனது. 60 வாட் கதைக்குச் செயலிகூட வேண்டாம். ஸ்டீரியோ வயரில் இருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு 120 வாட். அதிலிருந்து நான்கு அறுபது, அதாவது 240 வாட் எப்படி வெளியே வரும்? நான் வங்கியில் வேலை பார்ப்பவன். இந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டிருக்கலாம்.

பாய் வெட்டிய வயர்களைச் சால்டர் செய்து, பழைய வண்டியிலிருந்து எடுத்த கப்ளர் ஒன்றை ஒட்ட வைத்து, சரியான ஃபியூஸ்கள் போட்டு, சிவப்பை அதற்குரிய இடத்தில் சேர்த்தார். இழுவை 30 மில்லி ஆம்பியருக்கு வந்தது. கதவுகளுக்குப் புதிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் சேர்த்து 4,200.

இனி பணம் வாங்கிய கதை, சுருக்கமாக. கடைக்குப் போய்க் கேட்டபோது சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. என் பழைய கம்பெனி ஸ்டீரியோவையாவது கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாள் கணக்கு. எனக்கு அந்த முப்பது நாள் எப்போதோ கடந்திருந்தது. ஆனால் மாற்றாத மோட்டாருக்குக் காசு வாங்கியது வேறு விஷயம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். துண்டுச் சீட்டு, யுபிஐயில் பணம் கட்டிய பதிவு, பாய் ஒவ்வொன்றையும் கழற்றும்போது நான் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்தேன். அந்தத் தூசி படிந்த மோட்டாரின் படம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். பத்து நாளில் கடைக்காரரே கூப்பிட்டார். மோட்டார் காசு, பேட்டரி காசு, பொருத்துக் கூலி மூன்றையும் சேர்த்து 11,300 திரும்ப வந்தது. ஸ்டீரியோவுக்கு ஒரு காசும் இல்லை. வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன், வழக்குக்கு அலைய எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தால் அலையுங்கள்.

டிக்கி டேம்பர் மட்டும் நிஜமாகவே புதியது. இன்றும் கதவு நிற்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பின் இடது கண்ணாடி மறுபடி முனக ஆரம்பித்துவிட்டது. மோட்டார் மாற்ற வேண்டுமாம். பாய் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.