மேதைகளின் ஆட்டமா, நம் ஆட்டமா?

வெட்டுவதற்கு எதுவும் இல்லாத அமைதியான நிலையில் என்ன செய்வது? சதுரங்கத்தில் பலர் திணறும் இடம் இதுதான். திட்டமிடக் கற்க மேதைகளின் ஆட்டங்களைப் படிக்கலாம். அல்லது நம் ஆட்டங்களை நாமே அலசலாம்.

முதல் வழியில் ஒரு திட்டத்தை முழுமையாகப் பார்க்க முடிகிறது. ராணி கேம்பிட் என்ற தொடக்க முறையின் பரிமாற்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு இரண்டு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. குறைவாக வைத்திருப்பவர் தாக்குவது விந்தையாகத் தோன்றும். ஆனால் வெள்ளைச் சிப்பாய் பி5 கட்டம் வரை முன்னேறி, சி6-இல் உள்ள கறுப்புச் சிப்பாயை வெட்டினால், கறுப்பின் பி7 சிப்பாய் திருப்பி வெட்டும். அங்கே பலவீனமான ஒரு சிப்பாய் மிஞ்சும். பாதி திறந்த, அதாவது வெள்ளைச் சிப்பாய் இல்லாத, சி வரிசையில் கோட்டைகளைக் குவித்து அதைப் பொறுமையாக நெருக்கலாம். எவ்வளவு அழகான யோசனை! இதைத் தானாகக் கண்டுபிடிப்பவர் அரிது. 1975 முதல் 1985 வரை உலக சாம்பியனாக இருந்த கார்போவின் ஆட்டங்களை, அடுத்த நகர்த்தலை மறைத்து ஊகித்தபடி பாருங்கள். வெறுமனே புரட்டினால் எதுவும் மனதில் ஒட்டாது.

இரண்டாம் வழி கசப்பானது. ஆட்டத்தை அலசக் கணினியைத் திறக்கும் முன், என் காய்களில் மோசமானது எது, எதிராளி எதை விரும்பினார் என்று எழுதிவைக்க வேண்டும். கணினி நிலைக்கு மதிப்பெண் தரும், காரணம் சொல்லாது.

திட்டமே தோன்றாதவர் முதல் வழியில் தொடங்கட்டும். திட்டம் தெரிந்தும் தவறான நேரத்தில் செயல்படுத்தித் தோற்பவருக்கு இரண்டாவதுதான் மருந்து.